பேயா? நோயா? மனச்சிதைவை இனங்கண்டு பெயரிடும் முறை



இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு வியாதியை எடுத்துப் படித்து வருகிறோம். இம்முறை நாம் படிக்கும் வியாதிக்கு ரத்தப் பரிசோதனை இல்லை. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் அது தெரியாது. ஆனாலும் உலகத்தில் ஏறத்தாழ முந்நூறு பேருக்கு ஒருவர் இதனால் பாடுபடுகிறார். 'ஸ்கிசோஃப்ரீனியா' என்று மருத்துவர்கள் சொல்வதை நாம் தமிழில் 'மனச்சிதைவு' என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்த வியாதியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், எப்படி வகைப்படுத்துகிறார்கள் என்பதே இன்றைய பாடம்.

கான்சாபுரத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் தங்கள் மகனை அழைத்து வந்திருந்தார்கள். இருபத்து மூன்று வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்தவர். எட்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. முதலில் மில் இரைச்சலுக்குள்ளே யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். பிறகு வீட்டிலும் தென்னந்தோப்பிலும் அந்தக் குரல் கேட்டது. தாய் போட்ட சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளினார். குளிப்பதை விட்டார், பேச்சும் குறைந்துபோயிற்று.

"ஐயா, எம்மகனுக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு சொல்றாங்க. மூணு எடத்துல மந்திரிச்சுப் பாத்தாச்சு. ஒரு ஜெப வீட்டுல நாப்பது நாள் வச்சிருந்தோம். நீங்க தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுங்கய்யா" என்றார் அந்தத் தாய்.

ஜெபித்தேன். பின்பு அவர்களை மனநல மருத்துவரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இந்த எட்டு மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு எத்தனை பெயர்கள் சூட்டப்பட்டன என்று எண்ணிப் பார்த்தேன். அக்கம்பக்கத்தார் 'காத்து கருப்பு' என்றார்கள். மந்திரவாதி 'செய்வினை' என்றார். ஜெப வீட்டார் 'பிசாசு' என்றார்கள். வேலையிடத்தில் 'சோம்பேறி' என்றார்கள். தெருப்பிள்ளைகள் 'லூசு' என்றார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வைத்தியம் நடந்தது: தாயத்து, வேப்பிலை அடி, பட்டினி, திட்டு, கல்லெறி. பெயர் தவறினால் வைத்தியமும் தவறும். நோயைக் கண்டறிதல் என்பது மருத்துவர் அறையில் தொடங்குவதில்லை, வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்தப் பாடம் மருத்துவர்களுக்கு மட்டும் உரியதன்று.

1. இந்தப் பெயர் வந்த வரலாறு

ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின், 1899இல் வெளியிட்ட தம் பாடநூலின் ஆறாம் பதிப்பில், கடுமையான மனநோய்களை இரண்டு பெரும் பிரிவாகப் பிரித்தார். விட்டுவிட்டு வந்து இடையிலே தெளிவு தரும் உணர்ச்சிக் கொந்தளிப்பு ஒரு பிரிவு. இளவயதில் தொடங்கி அறிவை மெல்ல மெல்ல அழிப்பது இரண்டாம் பிரிவு. நோய் எங்கே போய் முடிகிறது என்பதைக் கொண்டே அவர் பெரும்பாலும் வகுத்தார். ஆகவே இரண்டாம் பிரிவில் வைக்கப்பட்டவருக்கு அந்தப் பெயரே நம்பிக்கையற்ற ஒரு தீர்ப்புப்போல் ஆயிற்று.

சுவிட்சர்லாந்து தேசத்து மருத்துவர் ஆய்கன் புளூலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் இது இளவயதில் தொடங்குவதில்லை, எல்லாருக்கும் அழிவில் முடிவதும் இல்லை என்று கண்டு, 1908இல் 'ஸ்கிசோஃப்ரீனியா' என்ற புதுப்பெயரை முன்வைத்தார். பிளவு, மனம் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவை ஒன்றோடொன்று இசையாமல் பிரிந்துபோவதையே அவர் குறித்தார். சினிமாவில் காட்டுவதுபோல் ஒரே ஆளுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பது இந்த வியாதி அன்று. இந்தத் தவறு படித்தவர்களிடமும் இருக்கிறது.

பெயர் ஒன்றாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தும் விதம் நாட்டுக்கு நாடு மாறுபட்டது. 1960களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர்களுக்கும் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்கும் ஒரே நோயாளிகளின் படப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார்கள். அமெரிக்கர் பலர் மனச்சிதைவு என்று சொன்ன சில நோயாளிகளுக்குப் பிரிட்டிஷார் வேறு பெயர் சொன்னார்கள். நோயாளி அதே ஆள்தான், கடலைத் தாண்டினால் வியாதி மாறிவிட்டது! இது மருத்துவ உலகத்தை வெட்கப்படுத்திய பாடம்.

அதன்பின் உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் ஒரே கேள்விமுறையைக் கொண்டு ஆராய்ந்தது. நம் நாட்டில் ஆக்ரா அதில் ஒரு மையம். ஒரே அளவுகோலால் அளந்தால், எல்லா நாட்டிலும் எல்லா மொழியிலும் இந்த வியாதியை இனங்காணலாம் என்று அதில் தெரியவந்தது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும், 1992இல் உலக சுகாதார நிறுவனமும் தெளிவான விதிகளுடன் தங்கள் வகைப்பாடுகளை வெளியிட்டன. இந்நிறுவனத்தின் பதினோராம் திருத்தமே 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

2. மருத்துவர் எதைத் தேடுகிறார்?

நமது மருத்துவர் அந்தக் குடும்பத்தாருடன் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். அனுமதி பெற்று நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டவற்றை வரிசைப்படுத்தினால் இன்றைய விதிகளே வந்துவிடும்.

ஏழு அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். அவற்றில் முதல் நான்கு முக்கியமானவை.

(அ) யார் எடுத்துச் சொன்னாலும் அசையாத தவறான நம்பிக்கை. சோற்றில் விஷம் இருக்கிறது, போலீஸ் தன்னைப் பின்தொடர்கிறது என்பதுபோல.

(ஆ) இல்லாததைப் புலன் உணர்தல். பெரும்பாலும் குரல் கேட்பதாக இருக்கும்.

(இ) சிந்தனையின் கோர்வை அறுந்துபோதல். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பில்லாமல் பேச்சு சிதறும்.

(ஈ) தன் எண்ணமும் செயலும் தன் வசத்தில் இல்லை என்ற உணர்வு. தன் தலைக்குள் யாரோ எண்ணங்களை வைக்கிறார்கள், தன் கையை யாரோ ஆட்டுகிறார்கள் என்பார்கள்.

(உ) குறைந்துபோகும் அறிகுறிகள். பேச்சு, ஆசை, முகபாவம், நட்பு யாவும் வற்றிப்போகும்.

(ஊ) நோக்கமற்ற, ஒழுங்கற்ற நடத்தை.

(எ) உடல் அசைவில் கோளாறு. சிலைபோல் மணிக்கணக்காய் நிற்றல், அல்லது காரணமில்லாத பரபரப்பு.

இவற்றில் இரண்டாவது இருக்கவேண்டும். அந்த இரண்டில் ஒன்றாவது முதல் நான்கில் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு மாதமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நேரமும் நீடித்திருக்கவேண்டும். அமெரிக்க விதியோ, நோயின் அடையாளங்கள் ஏதோ ஒரு வடிவில் ஆறு மாதம் தொடர வேண்டும் என்கிறது. ஒரே ஒரு அறிகுறியைக் கண்டு, ஒரே நாளில் இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது என்பதே இந்த விதிகளின் சாரம்.

ஐந்தாவது அறிகுறியைச் சற்றுக் கவனியுங்கள். குரல் கேட்கிறது என்றால் வீட்டார் பயந்து வைத்தியரைத் தேடுவார்கள். பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாலோ "திமிர்", "சோம்பேறித்தனம்" என்று திட்டுவார்கள். அந்தப் பிள்ளையின் தகப்பனார் மருத்துவரிடம், "வேலைக்குப் போடான்னு ரெண்டு தடவ அடிச்சிட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதுவும் வியாதியின் ஒரு பாகந்தான் என்று மருத்துவர் விளக்கியபோது அந்த மனிதர் அழுதார். சரியான பெயர் நோயாளிக்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் விடுதலை தருகிறது.

முன்பெல்லாம் இந்த வியாதிக்குள்ளே உட்பிரிவுகள் உண்டு: சந்தேகம் மேலோங்கிய வகை, பேச்சும் நடத்தையும் சிதறிய வகை, உடல் விறைத்த வகை என்று. பழைய மருத்துவச் சீட்டுகளில் இவற்றை இன்னும் காணலாம். ஆனால் ஒரே நோயாளி ஒரு வருடம் ஒரு வகையிலும் அடுத்த வருடம் வேறு வகையிலும் இருப்பதையும், எந்த மருந்து கொடுப்பது என்பதற்கு இந்தப் பிரிவு உதவாததையும் கண்டு, அமெரிக்க வகைப்பாடு 2013இலும் அதன்பின் உலக வகைப்பாடும் இவற்றைக் கைவிட்டன. இப்போது முதல் முறை வந்ததா, மீண்டும் மீண்டும் வருகிறதா, விடாமல் தொடர்கிறதா என்றும், எந்த அறிகுறி எவ்வளவு கடுமை என்றும் குறிக்கிறார்கள்.

3. இதைப்போலவே தோன்றும் மற்றவை

மருத்துவர் கேட்ட கேள்விகளில் பாதி, இது மனச்சிதைவு அல்லாத வேறு எதுவாக இருக்கலாம் என்பதற்காகவே இருந்தன. காய்ச்சல் வந்ததா? வலிப்பு உண்டா? தலையில் அடிபட்டதா? கஞ்சா உண்டா? குடி உண்டா? அண்மையில் நிறுத்தினாரா? ரத்தமும் தைராய்டும் பார்க்கச் சொன்னார். தலை ஸ்கேனும் எழுதினார். ஸ்கேன் மனச்சிதைவைக் காட்டுவதற்கன்று, மூளையில் கட்டி போன்ற வேறு காரணம் இல்லை என்று உறுதிசெய்வதற்கு.

குடியைத் திடீரென்று நிறுத்தியவர் மூன்றாம் நாள் சுவரில் பூச்சிகளைக் காணலாம். அது உயிருக்கே ஆபத்தான வேறொரு நிலை. பிரசவமான சில நாட்களில் ஒரு தாய்க்குக் குரல்கள் கேட்கலாம். அதற்கும் உடனே சிகிச்சை வேண்டும். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் ஒருவகை மூளை அழற்சி 2007இல் விளக்கப்பட்டது. மனநோயைப்போலவே தொடங்கி வலிப்பில் கொண்டுபோய் விடும் அதற்கு மருந்தே வேறு.

நம் நாட்டில் குறிப்பாக நினைவில் வைக்கவேண்டியது ஒன்று உண்டு. நன்றாக இருந்த ஒருவருக்கு இரண்டொரு நாளில் மனம் கலங்கி, சில வாரங்களில் முழுவதும் தெளிந்துவிடுவதை இந்திய மருத்துவர்கள் வெகுகாலமாய்க் கண்டு எழுதிவந்தார்கள். 1992இன் உலக வகைப்பாடு அதற்குத் திடீர் தற்காலிக மனக்கலக்கம் என்று தனி இடம் கொடுத்தது. இப்படிப்பட்டவரை அவசரப்பட்டு 'மனச்சிதைவு நோயாளி' என்று எழுதிவிட்டால், கல்யாணத்துக்கும் வேலைக்கும் அந்த எழுத்து அவரைத் தொடர்ந்து வரும்.

4. அப்படியானால் பேய்?

போதகர்களாகிய எங்களிடம் வரும் கேள்வி இது. மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள், திமிர்வாதக்காரர் என்று தனித்தனியே எழுதியிருக்கிறது. எல்லாத் துன்பத்தையும் ஒரே பெயரில் அடைக்க வேதமே நமக்கு இடம் கொடுக்கவில்லை.

மருத்துவமும் எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிவிடுவதில்லை. இறந்த கணவரின் குரலைத் துக்க நாட்களில் கேட்ட விதவை மனநோயாளி அல்ல. ஜெபத்தில் கர்த்தர் தன்னோடு பேசினார் என்று சொல்லும் விசுவாசியும், கொடைவிழாவில் கொட்டுச் சத்தத்துக்குச் சாமியாடிவிட்டு மறுநாள் வயலுக்குப் போகிறவரும் மனநோயாளிகள் அல்லர். விருப்பமில்லாமல் வேறொருவராய் மாறி அவதிப்படும் நிலைக்கும் உலக வகைப்பாட்டில் தனி இடம் உண்டு. அது மனச்சிதைவோடு சேர்வதில்லை. மருத்துவர் அந்தத் தாயிடம் கேட்டார்: "உங்க ஊர்ல, உங்க சொந்தக்காரங்கள்ல, இப்படி நம்புறது வழக்கமாம்மா? இல்ல, உங்களுக்கே இது புதுசா இருக்கா?" நல்ல கேள்வி. சொந்த ஜனங்களுக்கே புதிதாகவும் விநோதமாகவும் தோன்றுவதோடு, தூக்கமும் வேலையும் உறவும் கெட்டுப்போயிருந்தால், அங்கே நோயைத் தேடவேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதையே சொல்லுகிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே ஒருவருக்கு மனநோய் உண்டா என்று தீர்மானிக்கவேண்டும். அவர் சமுதாயத்தின் ஒழுக்க வழக்கங்களோடோ மத நம்பிக்கைகளோடோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக மனநோயாளி என்று சொல்லக்கூடாது.

இங்கே நான் ஒன்றை அறிக்கையிடவேண்டும். குருத்துவப் பட்டம் பெற்ற புதிதில், ஒரு கிராம சபையில் ஊழியம் செய்தபோது, இதேபோன்ற ஒரு வாலிபரை என்னிடம் கொண்டுவந்தார்கள். கிரேக்கமும் எபிரெயமும் படித்திருந்த எனக்கு மனநோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. "உபவாசமிருந்து ஜெபிப்போம், பொறுத்திருங்கள்" என்றேன். டவுனுக்குக் கூட்டிப்போகலாமா என்று தகப்பனார் கேட்டதற்கு, "விசுவாசமில்லையா?" என்று திருப்பிக் கேட்டேன். ஏழு மாதம் கழிந்தது. ஒரு நாள் இரவு அந்த வாலிபர் வீட்டைவிட்டுப் போனார். ரயில் நிலையங்களிலும் சத்திரங்களிலும் தேடினோம். கிடைக்கவில்லை. ஜெபித்தது பிழையன்று, ஜெபத்தைக் காட்டி வழியை மறித்தது என் பிழை.

5. தவறான பெயரின் விலை

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பேய் என்றும் சூனியம் என்றும் பெயரிடப்பட்டு, சுகம் தேடி வந்த வீடுகளின் பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். இதை ஒரு மதத்தாரின் குற்றமாக யாரும் பேசவேண்டாம். சங்கிலி கோவில் மண்டபத்திலும் இருந்தது, ஜெப வீட்டிலும் இருந்தது. மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கதரேனருடைய நாட்டு மனிதனையும் சங்கிலியால் கட்டித்தான் பார்த்தார்கள். சங்கிலி அவனைச் சுகமாக்கவில்லை. சுகமான பின் அவன் தன் வீட்டாரிடத்துக்கே அனுப்பப்பட்டான்.

இன்று எந்த விதத்திலும் சங்கிலியிடுவதைச் சட்டம் தடைசெய்கிறது. அதே ஏர்வாடி தர்காவில், அரசு மனநல மருத்துவர்கள் அமர்ந்து, வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் கொடுக்கும் திட்டம் பின்னாளில் வந்தது. வேண்டுதல் ஒரு கையிலும் மருந்து மறு கையிலும் இருப்பது கூடாத காரியமன்று.

6. பெயர் தீர்ப்பு அல்ல

நோயின் பெயரைக் கேட்டவுடன் "இனி அவ்வளவுதானா?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். இதற்குப் பதில் சொல்ல நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. 1980களின் தொடக்கத்தில் சென்னையில், புதிதாக மனச்சிதைவு கண்ட 90 பேரை ஆராய்ச்சிக்கென்று சேர்த்து, மருத்துவர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பத்தாண்டு முடிவில், கண்டறிய முடிந்தவர்களில் பெரும்பான்மையோர் கடுமையான அறிகுறிகள் நீங்கி வாழ்ந்தார்கள். விடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிலரே. எல்லாரும் சுகமானார்கள் என்று சொல்வதற்கில்லை. அகாலத்தில் மரித்தவர்களும் உண்டு. ஆயினும் கிரேப்பலின் நினைத்ததுபோல் எல்லாருக்கும் ஒரே முடிவு என்பது பொய்யாயிற்று.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராய் 1961 முதல் 1978 வரை பணியாற்றிய மருத்துவர் சாரதா மேனன், 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு வேலைப் பயிற்சியும் குடும்ப ஆலோசனையும் சேரவேண்டும் என்பது அவர் கண்ட வழி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் முறையை வெகுகாலமாய்க் கடைப்பிடிக்கிறது. இதனால் நோயைக் கண்டறிவதும் எளிதாகிறது. எப்போது தூக்கம் கெட்டது, முதலில் என்ன சொன்னான் என்பதெல்லாம் தாய்க்குத்தானே தெரியும்?

ஜப்பானியர் இதற்கு வழங்கிய பழைய பெயர் 'பிளவுபட்ட மனம்' என்று ஒலித்து நோயாளிகளைக் கூசச்செய்ததால், 2002இல் பெயரையே மாற்றினார்கள். நாம் 'மனச்சிதைவு' என்று சொல்லும்போதும், சிதைந்தது மனிதனே என்று கேட்கிறவர் எண்ணிவிடாதபடி பேசவேண்டும். "அவர் மனச்சிதைவு" என்று சொல்லாமல், "அவருக்கு மனச்சிதைவு இருக்கிறது" என்று சொல்லுவோம்.

7. நாம் செய்யக்கூடியவை

1. நாமாகப் பெயர் சூட்டாதிருப்போம். 'பேய்' என்றும் சொல்லவேண்டாம், 'பைத்தியம்' என்றும் சொல்லவேண்டாம். "எத்தனை நாளாக? என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். அந்தக் குறிப்பே மருத்துவருக்குப் பெரிய உதவி.

2. காலம் தாழ்த்தாதிருப்போம். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால், 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

3. ஜெபிப்போம், ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்லி ஜெபிக்கமாட்டோம்.

4. நோயாளியோடு வாதாடவேண்டாம், பரிகசிக்கவும் வேண்டாம். அவருக்குக் கேட்கும் குரல் அவருக்கு மெய்யாகவே கேட்கிறது.

5. குடும்பத்தாரை ஆலயத்திலும் கல்யாண வீடுகளிலும் ஒதுக்காமல் பக்கத்தில் உட்காரவைப்போம்.

சிந்தனைக்கு

உங்கள் சபையில் இப்படி ஒரு குடும்பம் ஒளித்து வாழ்கிறதா? அவர்கள் உங்களிடம் மனந்திறந்து சொல்லக்கூடிய விதமாய் நீங்கள் பேசுகிறீர்களா? உங்கள் போதகர் கடைசியாக எப்போது ஒருவரை மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார்?

கான்சாபுரத்துப் பிள்ளையின் பரிசோதனைகளில் வேறு காரணம் ஒன்றும் தெரியவில்லை. மருத்துவர் தாயையும் தகப்பனையும் உட்காரவைத்து, வியாதியின் பெயரைச் சொல்லி, மருந்தையும் அதன் தொல்லைகளையும் விளக்கினார். சில மாதங்கள் ஆயின. இப்போது அவர் தாய் போடும் சோற்றைச் சாப்பிடுகிறார். காலையில் தகப்பனாரோடு தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறார். மில்லுக்கு இன்னும் போகவில்லை. குரலும் முழுவதும் நின்றுவிடவில்லை. தூரத்தில் கேட்பதுபோல் இருக்கிறது என்கிறார்.

போன முறை வந்தபோது என்னைத் தனியே அழைத்து, "ஐயா, பேய் இல்லன்னா அப்ப பேசுறது யாரு?" என்று கேட்டார்.

"உன் மூளைதான் தம்பி. அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

சற்று நேரம் யோசித்தார். "அப்ப மருந்து சாப்பிட வேண்டியதுதான்" என்று சொல்லி, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றார்.